தட்டு என்றால் தட்டு

பல் முளைத்தும் முளைக்காத ஒரு கூட்டம், மூடியிருந்த கதவின் முன்னால் வரிசையாக நின்று, தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டு, பதில் வருகிறவரை காத்திருந்தது. அரசவைக்கு வந்த தூதுவர்கள்கூட அத்தனை அடக்கமாக நின்றிருக்க மாட்டார்கள். அப்படி நிற்க வைத்தது என் கையால் மடித்த ஓர் அட்டைப் புத்தகம். இதைப் பேருந்தில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். மனிதர் தன் நிறுத்தம் வந்துவிட்டதென்று நடுப்பாலத்தில் எழுந்துகொண்டார்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் மடித்த பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்கு ஏறிப் போகலாம், மிச்சத்தில் அங்கே ஒரு மாடி வீடும் கட்டலாம். அப்படிப்பட்ட கை சும்மா இருக்குமா? என் தங்கை மகள் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். அவளுக்குத் திறந்து பார்க்கும் படப் புத்தகங்களாகச் செய்து தள்ளினேன். இலையைத் தூக்கினால் புழு. கூடை மூடியைத் தூக்கினால் பூனை.

வினை அங்கேதான் பிடித்தது. எதைத் தூக்கினாலும் அடியில் ஏதாவது இருக்கும் என்று புத்தகங்கள் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திவிட்டன. காப்பகத்துக்கு எதிர் அறையில் கட்டடத்தின் சொந்தக்காரர் இருந்தார். ரொட்டி சுடுகிறவர். இரவெல்லாம் அடுப்போடு நின்றுவிட்டுப் பகலில் தூங்குவார். குட்டிகளில் மூத்தவள், எதையும் கிளறாமல் விடமாட்டாள் என்பதால் நாங்கள் 'கோழி' என்று கூப்பிடுகிறவள், ஒரு மதியம் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு போய், கட்டிலில் ஏறி, அவருடைய கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள்.

ரொட்டிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பூனை இல்லையாம். என் கண்ணைத் தொறந்துட்டு என்கிட்டயே சொல்லுது."

"உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கலாமேண்ணே," என்றாள் தங்கை மகள்.

"என் வீட்டுல நான் எதுக்கும்மா பூட்டிக்கிட்டுக் கிடக்கணும்? கேட்டுட்டு வரச் சொல்லிக் கொடு. இன்னொரு தடவை கேக்காம உள்ள வந்தா, நீ வேற இடம் பாத்துக்க."

"சொல்லிக் கொடுத்துட்டாப் போச்சு," என்றேன் நான்.

"இதுங்களுக்கா? அக்கா, என் ரொட்டி மாவுக்காவது பொங்குற வரைக்கும் பொறுமை இருக்கு. இதுங்களுக்கு ஏது?"

அன்று மாலை தங்கை மகள் காப்பகத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். சுவர் முழுக்க அவளே தீட்டிய மேகங்கள். இடம் போனால் பிழைப்பு போகும், மேகங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு புத்தகம் செய்தேன். அதில் ஒரே ஒரு பெரிய கதவு. தூக்கினால் திறக்காது, இழுத்தால் திறக்காது, யானையைக் கட்டி இழுத்தாலும் திறக்காது. தட்டினால் மட்டும், பின்னாலிருக்கும் மடிப்பு சோம்பல் முறித்து மெல்ல நழுவும். அதுவரை காத்திருக்க வேண்டும். பிறகு கதவு தானாகச் சாயும். உள்ளே ஒரு கரடி "வாங்க" என்று கையை விரிக்கும். கதவின் மேல் கொட்டை எழுத்தில் 'தட்டு' என்று எழுதினேன்.

தங்கை மகள் வாசித்தாள். "கதவு மூடியிருக்கு. தட்டு."

குழந்தைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எழுந்தார்கள். அலமாரிக்குப் போய் ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"பெரியம்மா, ஒரு வார்த்தையால எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க."

"நல்லவேளைன்னு நெனச்சுக்க. 'கொட்டு'ன்னு எழுதியிருந்தா பாலைக் கொண்டுவந்து கவுத்திருக்கும்."

கோழி தன் தட்டால் கதவில் ஓர் அடி வைத்தாள். டங். "வரலாமான்னு கேளுங்க," என்று தங்கை மகள் அவசரமாக எடுத்துக் கொடுத்தாள். "வயலாமா?" என்றது கூட்டம். மடிப்பு நழுவியது. கரடி கையை விரித்தது. அவ்வளவுதான், உலகத்தின் சட்டம் அவர்களுக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து குளியலறைக் கதவுக்கும் தட்டு, என் கைப்பைக்கும் தட்டு. பைக்குள்ளிருந்து பதில் வரவில்லையென்று ஒரு பொடியன் உட்கார்ந்தே தூங்கிப்போனான்.

அடுத்து வந்த ஒரு மதியம். குழந்தைகளைத் தூங்க வைக்கப் போய் நானும் அவர்களோடு தூங்கிவிட்டேன். கனவில் நான் மடித்த பெட்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக மூடி திறந்து, உள்ளிருந்து மேகங்களை வெளியே விட்டன. அவை என் முகத்தில் உரசிக்கொண்டு போயின, வெதுவெதுப்பாக, மாவு வாசனையோடு. கண் விழித்தால் விரிப்புகள் காலி. தட்டு அலமாரியும் காலி. தங்கை மகள் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நடைக் கதவு திறந்து கிடந்தது.

எழுந்து நடைக்கு வந்தேன். மேல் ஜன்னலிலிருந்து வெயில் சலித்த மாவைப்போல இறங்கிக்கொண்டிருந்தது. ரொட்டிக்காரரின் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால், போட்டது போட்டபடி, எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வயிறுகளின் மேல் தட்டுகள், நங்கூரமிட்ட படகுகள்போல ஏறி இறங்கின. கோழி மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு தலை தொங்கத் தூங்கினாள்.

தங்கை மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அதே நேரம் கதவு உள்ளிருந்து திறந்தது.

"உள்ள வந்துட்டாங்களாண்ணே?" என்றாள்.

"மெதுவாப் பேசும்மா. எழுப்பிடாத." புருவத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே நிலைப்படியில் குந்தினார். "வேற இடம் பாக்கச் சொன்னேன்ல, அதை விட்டுடு."

"ஏன், என்ன ஆச்சு?" என்றேன், ஒன்றும் தெரியாதவள்போல.

அவர் கோழியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"முழிச்சுக்கிட்டுதான்க்கா கிடந்தேன். டங்குனு சத்தம். வயலாமான்னு கேட்டுச்சுங்க. எவ்வளவு நேரம் தாங்கும் பாப்போம்னு நான் வாயே தொறக்கல. நடுவுல காத்தடிச்சுக் கதவு தானாத் தொறந்துக்கிச்சு. சரி, வந்துடும்னு நெனச்சேன். இந்தப் பொண்ணு எட்டிப் புடிச்சு இழுத்துச் சாத்திட்டு, மறுபடியும் தட்டுச்சு." கோழியின் மடியில் சரிந்த தட்டை நேராக வைத்தார். "யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். ஆனா காத்துக்கிட்டுதான் இருந்துச்சுங்க. நான் பாத்தேன்."