சங்குக்காரர் வீட்டு மௌனம்

வெள்ள நினைவு வாரத்தின் முதல் நாள், திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு நகரம் முழுவதும் அனுசரித்த இரண்டு நிமிட மௌனம், சங்குக்காரர் வீட்டுக்குள் வந்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. பதினொன்று இரண்டுக்கு நகராட்சிச் சங்கு மறுபடி ஒலித்ததும் பேருந்துகள் நகர்ந்தன. கடைக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்ந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடக்கிவைத்திருந்த இருமலை எல்லாம் சேர்த்து இருமினார்கள். சங்குக்காரர் வீட்டில் மட்டும் குழாய்த் தண்ணீர் சத்தமில்லாமல் வாளியில் விழுந்தது. குக்கர் ஆவியை விட்டது, விசில் வரவில்லை. மருமகள் கைதவறிப் போட்ட பெரிய பாத்திரம் சமையலறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பஞ்சுப் பொதி போல உருண்டு போய் நின்றது. அவள் "ஐயோ" என்றாள். அதுவும் வெளியே வரவில்லை.

சங்குக்காரரின் மூத்த மகன் நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரை சர்வேயர் என்றுதான் சொல்வார்கள். எந்தச் சிக்கலையும் முதலில் அளந்து பார்ப்பது அவர் குணம். அன்று மாலையே அளவு நாடாவை ஒரு கையிலும் மேசை மணியை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, மணியை அடித்தபடி வீட்டைச் சுற்றி வந்தார். தெருக்கேட்டுக்கு வெளியே மணி கேட்டது. காலை உள்ளே வைத்ததும் நின்றது. தெற்கே மதில், மேற்கே சந்து, எல்லாப் பக்கமும் மௌனம் பத்திரத்தில் கண்ட எல்லைக்குள் ஒழுங்காக அடங்கியிருந்தது. கிழக்கில் மட்டும் அரையடி உள்ளடங்கி நின்றது. அந்த அரையடி தனக்குச் சொந்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர் இருபது வருடமாகச் சொல்லிவந்தார். சர்வேயர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

எங்கள் குடும்பத்தைப் பற்றி இந்த ஊரில் அறிமுகம் தேவையில்லை. அறுபது வருடங்களுக்கு முன், வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பகலில், பதினோரு மணிக்கு, மேலே எங்கோ பெய்த மழைக்கு ஆற்றின் கரை உடைந்தது. நகராட்சி மாடியில் இருந்த அபாயச் சங்கின் கைப்பிடியைச் சங்குக்காரர் நாற்பது நிமிடம் விடாமல் சுற்றினார். அதைக் கேட்டு மேட்டுக்கு ஓடிப் பிழைத்தவர்கள் நாலாயிரம் பேர். பாடப் புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம் உண்டு. ஒரு தெருவும் ஒரு பாலமும் அவர் பெயரில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் சம்பந்தம் பேச வந்தவர்கள் வேறு எதையும் விசாரித்ததில்லை. கடையில் வரிசையில் நின்றால் முன்னால் போகச் சொல்வார்கள். நாங்கள் போகமாட்டோம். போகாததும் ஒரு பெருமைதான். சங்குக்காரர் அந்த வெள்ளத்துக்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் இருந்தார். ஒரு விழாவுக்கும் போனதில்லை, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அது அடக்கம் என்று ஊர் இன்னும் கொஞ்சம் மரியாதை கொடுத்தது.

வீட்டுக்குள் பேச முடியாமல் போனதில் எங்களுக்கு நேர்ந்த முதல் அவமானம், பேச்செல்லாம் தெருவுக்கு வந்ததுதான். இந்த வீட்டில் குரல் உயர்த்திய வழக்கம் கிடையாது. உயர்த்த வேண்டியிருந்தால் முதலில் ஜன்னலைச் சாத்துவோம். இப்போது உப்பு தீர்ந்துவிட்டது என்பதைக்கூடக் கேட்டுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டியிருந்தது. வெளியூரில் வேலையிலிருக்கும் சர்வேயரின் மகன் போனில் கூப்பிட்டால், மருமகள் போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன மனஸ்தாபம் என்பது செவ்வாய்க்கிழமைக்குள் பால்காரருக்குத் தெரிந்திருந்தது. எதிர் வீட்டுப் பல் டாக்டர் மாடியில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"சார், நேத்து மருமகளும் உங்க தங்கச்சியும் மிக்ஸியப் பத்திப் பேசினாங்களே, அது முடிஞ்சுதா, இன்னிக்கு தொடருமா?" என்று கேட்டார்.

"உங்க வாயப் பாத்துக்குங்க டாக்டர்" என்றார் சர்வேயர்.

"நான் ஊரு வாயத்தான சார் பாத்துட்டிருக்கேன் முப்பது வருஷமா."

வாரம் அதன் பாட்டுக்கு நடந்தது. செவ்வாய் அன்று ஆற்றங்கரையில் ஓட்டப் பந்தயம். முதலில் வந்தவர் ஒரு தபால்காரர். புதன் அன்று தீயணைப்புப் படையினர் பூங்காவில் படகை ஓட்டிக் காட்டினார்கள். குளத்தில் தண்ணீர் போதாமல் கடைசியில் படகைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வியாழன் அன்று ரத்த தான முகாமும் புகைப்படக் கண்காட்சியும். ஞாயிறு விழாவில் சங்குக்காரருக்கு அறுபதாம் ஆண்டுப் பதக்கம் கொடுப்பதாகவும், அதை சர்வேயர் மேடையில் பெற்றுக்கொள்வதாகவும் அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் வைக்க, எங்கள் கூடத்தில் மாட்டியிருந்த படத்தை விழாக் குழு கேட்டு வாங்கிப் போயிருந்தது. புதுச் சீருடையில், தொப்பியை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி சங்குக்காரர் நிற்கும் படம். ஊருக்குத் தெரிந்த அவருடைய ஒரே படமும் அதுதான்.

பெரிதாக்குவதற்காகச் சட்டத்தைக் கழற்றிய பிரேம் கடைக்காரர், வியாழன் மதியம் படத்தை எடுத்துக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தார். அப்போது வெளியே நின்றவர் சர்வேயரின் தங்கை. ஓய்வு பெற்ற நர்ஸ், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர், வெள்ளத்தின்போது மூன்று வயதுக் குழந்தை. கடைக்காரர் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். ஆற்றுக்கு அக்கரையில் அந்தக் காலத்தில் இருந்த ஸ்டூடியோவின் முத்திரை, மங்காமல் இருந்தது. அதன் கீழே தேதி, படம் எடுத்த நேரம். வெள்ளத் தேதி. காலை பதினொன்று.

"நான் யார்கிட்டயும் சொல்லலம்மா" என்றார் கடைக்காரர். அவர் சொன்ன இடம் நடுத்தெரு.

நர்ஸ் அங்கேயே நின்று அண்ணனைக் கை காட்டி அழைத்தார். சர்வேயர் வந்தார்.

"அண்ணா, கரை உடைஞ்ச அன்னிக்கு அப்பா எங்க இருந்தாரு?"

சர்வேயர் படத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். பல் டாக்டரின் மாடியைப் பார்த்தார். பிறகு தங்கையின் முழங்கையைப் பிடித்து வீட்டுக்குள், கூடத்துக்குள் அழைத்துப் போய் உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னார். அறுபது வருடத்தில் முதல் முறையாக, ஒன்று விடாமல், இருபது நிமிடம் சொன்னார். நர்ஸ் அவர் உதடு அசைவதையும், கண் கலங்கியதையும், ஓரிடத்தில் அவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டியதையும் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. சொல்லி முடித்து சர்வேயர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடமை தீர்ந்தவர் போல இருந்தார்.

நர்ஸ் எழுந்து போய் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார்.

"சொன்னதையே இங்க வந்து சொல்லுங்க. அது வரைக்கும் நான் உள்ள வரமாட்டேன்."

"தெருவில உக்காந்து மானத்த வாங்காத. உள்ள வா."

"உள்ள யாருக்கும் கேக்காதுன்னு தெரிஞ்சுதான சொன்னீங்க. எனக்குக் கேக்கணும்ணா."

வெள்ளிக்கிழமை விடுமுறை. தெருவில் ஊர்வலம் போயிற்று. எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தி பொது வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை ஊர்வலம் முழுவதும் பார்த்துக்கொண்டே போனது. மருமகள் சாப்பாட்டைத் தட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். ராத்திரிக்குப் பல் டாக்டரின் மனைவி தன் வீட்டில் படுக்கை போட்டுக் கொடுத்தாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாற்காலி மறுபடி தெருவில் இருந்தது. சர்வேயர் கேட்டுக்கு உள்பக்கம் நின்று பார்த்தார். இரண்டு முறை வாயைத் திறந்தார். உள்பக்கம் என்பதால் அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேடையில் அவர் நின்றபோது பின்னால் இரண்டு ஆள் உயரத்தில் அந்தப் படம் இருந்தது. நகராட்சித் தலைவர் பதக்கத்தை எடுத்தார். சர்வேயர் கையை நீட்டாமல் மைக்கைப் பிடித்தார். குரல் சரியாகவே வந்தது.

"இந்தப் படத்த எடுத்துட்டிருந்த நேரத்துலதான் கரை உடைஞ்சுது" என்றார்.

நடந்தது இது. அந்த அலுவலகத்தில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. காலையில் வந்ததும் வந்த நேரத்துக்கும் போகும் நேரத்துக்கும் சேர்த்தே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சங்குக்காரரும் போட்டார். புதுச் சீருடை வந்திருந்தது. படம் எடுத்துக்கொள்ள ஒன்பது வயது மகனையும் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார். சங்கு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பொறுப்பை அடுத்தவரிடம் கொடுப்பது எங்கள் குடும்பத்தில் கேவலம். ஸ்டூடியோவில் விளக்கு அணைந்ததும் அவர்களுக்குச் சங்கு கேட்டது. சங்குக்காரர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. சாவி இடுப்பில் இருக்க, அவருடைய சங்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊதிக்கொண்டிருந்தது. பாலம் தாண்டி ஓடிவந்து மாடி ஏறியபோது கதவு பெயர்ந்து கிடந்தது. அலுவலகம் பெருக்குகிற பெண், உள்ளங்கைத் தோல் உரிந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சங்குக்காரர் அவளை நகர்த்திவிட்டுத் தான் பிடித்துச் சுற்றினார். இரண்டு நிமிடத்தில் அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் கண்டது அவரை. பதிவேட்டிலும் அவர் கையெழுத்து. நாற்பது நிமிடம் சங்கின் வாயருகே நின்றதில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு காதும் போயிற்று. அடுத்த மாதம், அரசாங்கக் கதவைச் சேதப்படுத்தியதற்காக வேலையும் போயிற்று. அந்த உத்தரவில் சாட்சிக் கையெழுத்து சங்குக்காரருடையது.

"நான் பக்கத்துலயே இருந்தேன். எல்லாம் தெரியும்" என்று சொல்லி சர்வேயர் மைக்கை விட்டார்.

கூட்டத்தில் யாரும் கூச்சல் போடவில்லை. அதற்காவது எங்கள் குடும்பம் தயாராக இருந்தது. எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகராட்சித் தலைவர் பதக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டில் பக்கத்தில் வைத்தார். பேண்டு வாத்தியக்காரர்கள் நிகழ்ச்சி நிரலில் கண்டபடி ஐந்து மணிக்குத் தொடங்கினார்கள். தெருவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் கேட்ட நர்ஸ், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். பெயர்ப்பலகைகளை மாற்ற நகராட்சி ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டது. பாடப் புத்தகம் இன்னும் மாறவில்லை.

விழாவுக்கு மறுநாள், கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் எங்கள் கேட்டில் வந்து நின்றார். வயது அறுபத்தைந்து இருக்கும். சந்தைத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர், பெருக்குகிற பெண்ணின் மகள். சர்வேயர் வெளியே வந்து கை கட்டி நின்றார். அவர் யார் முன்னாலும் கை கட்டி நின்று எங்களில் யாரும் பார்த்ததில்லை.

"நீங்க பேசினது ஸ்பீக்கர்ல கேட்டுச்சு சார். உக்காந்து பட்டன் வெச்சிட்டிருந்தேன்."

"உள்ள வாங்கம்மா."

"இருங்க. சொல்ல வேண்டியத இங்கயே சொல்லிடறேன். காது போச்சுன்னு எங்கம்மா ஒரு நாளும் அழுததில்ல. கதவ உடைச்சவள்னு எழுதிட்டாங்களேன்னுதான் சாகிற வரைக்கும் அழுதாங்க. அதுக்கப்புறம் யார் வீட்டுக் கதவையும் அவங்க தட்டினதில்ல. எங்க வீட்டுக் கதவையே தட்டமாட்டாங்க. நாங்களா பாத்துத் திறக்கற வரைக்கும் வாசல்ல நிப்பாங்க, மழையானாலும்." தையல்காரம்மா நாடாவைச் சரிசெய்துகொண்டார். "மானம் உங்க வீட்டுல மட்டும் இருந்த சாமான் இல்ல சார்."

 

அதன் பிறகு அவராகவே கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். முதல் முறை வருகிறவர்கள் எல்லாரும் மௌனத்தில் காலை வைத்ததும் காதைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் பிடித்துக்கொள்ளவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், உட்கார்ந்தார், மருமகளைப் பார்த்து வலது கையைக் குவித்து இரண்டு முறை லேசாகச் சாய்த்தார். மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். காது கேளாத தாயோடு ஒரே அறையில் முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தவருக்கு எங்கள் வீடு புதிதாகத் தெரியவில்லை.

மௌனம் போகவில்லை. போய்விடும் என்று ஞாயிறு இரவு எல்லாரும் எதிர்பார்த்தது உண்மை. திங்கள் காலை குக்கர் வழக்கம்போல் சும்மா ஆவி விட்டது. நகராட்சிப் பொறியாளர் ஒரு கருவியோடு வந்து பார்த்து, குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். கைக்குழந்தை உள்ளவர்கள் மதியத்தில் குழந்தையைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் தூங்கவைத்துப் போகிறார்கள். தையல்காரம்மா செவ்வாயும் வெள்ளியும் மாலை நாலரைக்கு வந்து, தானும் அம்மாவும் பேசிய கைப்பேச்சை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மருமகள் மூன்றே மாதத்தில் சண்டை போடும் அளவுக்குக் கற்றுக்கொண்டாள். சர்வேயருக்கு விரல் எளிதில் வளையாது. ஒரு நாள் அவர் தையல்காரம்மாவைக் கேட்டுக்கு வெளியே அழைத்துப் போய், வாய்விட்டுக் கேட்டார்.

"மன்னிச்சிருங்கன்னு சொல்றதுக்கு எப்படிக் கை காட்டணும்?"



"அதுக்கு ஒண்ணும் இல்ல சார். எங்க வீட்டுக்கு வந்து யாரும் அதக் கேட்டதில்ல, அதனால தேவைப்படல. நீங்களா ஒண்ணு கண்டுபிடிங்க, பாக்கலாம்."

சர்வேயர் இதுவரை நாலைந்து விதமாகச் செய்து காட்டியிருக்கிறார். ஒவ்வொன்றையும் தையல்காரம்மா கவனமாகப் பார்க்கிறார், இல்லை என்று தலையாட்டுகிறார், அடுத்த பாடத்துக்குப் போகிறார். பொழுது சாய்ந்ததும் மருமகள் விளக்கைப் போடுகிறாள், கைகள் தெரிய வேண்டும் என்பதற்காக.