தரைப்பாலம் திறந்திருக்கிறது

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன கார்த்திகையில், புத்தூரில் ஒரு மழை மதியம், ஃபோனில் சாலை நிலவரப் பக்கத்தைப் பார்த்து, "பாலம் தெறந்துதான் கீது, போய்ட்டு வா" என்று என் மைத்துனனை அனுப்பினேன். அந்தப் பக்கம் நாலு மணி நேரம் பழையது. அவன் இடுப்புவரை நனைந்து திரும்பினான். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. தனியாகப் பயப்பட முடியாமல்தான் காஞ்சனா என்று ஒருத்தியைக் கதையில் உண்டாக்கினேன்.

2

நகரியில் பவர்லூம் வைத்திருக்கும் சிவசங்கரனின் ஏக புத்திரி காஞ்சனா, திருப்பதியில்—

(கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.)

உலகம் முழுக்க முந்நூறு ஊர்களில் சர்வர் வைத்திருக்கும் ஒரு கம்பெனி, இந்த வருஷம் திருப்பதியிலும் வைத்தது. எங்கோ இருக்கும் இணையப் பக்கங்களின் நகல் இங்கேயே இருக்கும், கேட்டதும் கிடைக்கும். அதைப் பார்த்துக்கொள்பவள் காஞ்சனா. திருச்சானூர் பஞ்சமி தீர்த்தத் திருவிழாவுக்குக் கூட்டம் ஃபோனும் கையுமாக முட்டும் என்று, காலை பத்து மணிக்கு நகல்களின் ஆயுளை ஒரு நிமிடத்திலிருந்து ஆறு மணி நேரமாக நீட்டினாள். படங்களுக்கு மட்டும் நீட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் 'எல்லாம்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டாள்.

(இத்தனை கெட்டிக்காரி இப்படிச் செய்வாளா என்று என் மனைவி ரூபா கேட்டாள். நானும் பாலத்துக்கு ஆள் அனுப்பினேனே என்றேன்.)

3

மூன்று நாற்பதுக்குத்தான் அவள் கண்ணில் பட்டது. நாராயணவனம் தரைப்பாலத்தை வெள்ளம் ஏறியதால் ஒரு மணிக்கே மூடிவிட்டார்கள். அவளிடமிருந்த சாலை நிலவரப் பக்கத்தின் நகல் மட்டும் 'திறந்திருக்கிறது' என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஹைதராபாத்திலிருந்த மேலதிகாரி ஸ்ரீதேவியைக் கூப்பிட்டு, நகலை இப்போதே அழிக்கட்டுமா என்று கேட்டாள்.

"ஆகம்மா, கொஞ்சம் பொறு. நாலு மணிக்குத் தானா மாறிடும். திருவிழா முடியறவரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு நாமதானே ரூல் போட்டோம்? இருபது நிமிஷந்தான்."

"அந்தப் பக்கமாதான் எங்க நைனா போய்க்கினு கீறாரு மேடம்."

காலையில் நகரி வீட்டில் அப்பா சேலை மூட்டையை வண்டியில் கட்டும்போது அவள்தான் சொன்னாள்: "நைனா, பாலத்தாண்ட போனதும் ஃபோன்ல பாத்துட்டு எறங்கு. நம்ம கம்பெனிதான், தப்பா காட்டாது."

ஸ்ரீதேவியின் பதிலுக்குக் காத்திராமல் நகலை அழித்தாள். பக்கம் 'மூடப்பட்டுள்ளது' என்று மாறியது. பிறகு பதிவைப் பார்த்தாள். பழைய நகலை வாங்கிய கடைசி ஃபோன், மூன்று நாற்பத்தொன்று. யாருடையது என்று அதில் இருக்காது. அப்பாவுக்கு அடித்தாள். லைன் போகவில்லை. மறுபடியும் அடித்தாள்.

4

முடிவு ஒன்று: சிவசங்கரன் புத்தூரிலேயே மழைக்கு ஒதுங்கி, வடை துன்னுக்கினு இருந்தார். (எழுதினேன். நானே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: பாலத்துக்குக் கீழே, முள்ளில் சிக்கி ஒரு சேலை மூட்டை

(என்னால் முடியாது.)

5

இந்தக் கதையும் ஒரு நகலாகத்தான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. என்னிடமிருக்கும் மூலத்தில் நான் இதற்குள் முடிவை எழுதியிருக்கலாம். அது உங்களிடம் வந்து சேரவில்லை. உங்கள் நகலில் மணி மூன்று நாற்பத்தொன்று. சிவசங்கரன் இந்தக் கரையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு, ஃபோனைப் பார்க்கிறார். தண்ணீரைப் பார்க்கிறார். மறுபடியும் ஃபோனைப் பார்க்கிறார். மகள் சொன்ன பக்கம்.

கிக்கரில் கால் வைக்கிறார்.

என் குரல் அவருக்கு எட்டாது. நீங்கள் கூப்பிடுங்கள்.