சர்க்கரைப் பாட்டு

பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனதைவிட, முதலில் திரும்பி வந்தது எது என்பதுதான் சூசைநாதனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அது நடந்தது. பெட்டி என்பது அவர் மனைவியின் பெயர்; அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கஞ்சியில் உப்பு இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ‘உப்பு’ என்ற சொல் மனசுக்குள் முழுசாக இருந்தது. வெளியே வந்ததோ வேறு.

“சக்கரெ ஹாக்கே சரசி, இன்னூ ஸ்வல்ப ஹாக்கே.”

ராகத்தோடு வந்தது. ஒரு எழுத்து சிதையவில்லை.

பெட்டி கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, “மாதாவே!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மைசூரில் அந்தக் கன்னடப் பாட்டு கேட்காத காது கிடையாது. கல்யாண மண்டபம், பிள்ளையார் ஊர்வலம், மண்டி மொஹல்லா சந்துக்குள் நுழைகிற ஒவ்வொரு ஆட்டோ, எங்கும் அதுதான். சர்க்கரை போடு சரசி, இன்னும் கொஞ்சம் போடு. இவ்வளவுதான் பாட்டு. மீதியை ஆடுகிறவர்களின் இடுப்பு சொல்லிவிடும். சூசைநாதன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கோயில் பாடகர் குழுவில் இருப்பவர். காணிக்கைப் பாட்டில் குழு முழுவதும் நிறுத்தி, அவர் ஒருவர் மட்டும் தனியாக எடுக்கிற அடி ஒன்று உண்டு. அதற்காகவே தமிழ்ப் பூசைக்கு வருகிற கிழவர்கள் இருந்தார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டைக்குள் சரசி எப்படிப் புகுந்தாள் என்றால், அது மகன் டேவிசின் வேலை.

டேவிஸ் கல்யாணங்களுக்கு டிஜே போடுகிறவன். அந்தப் பாட்டை வெட்டி, ஒட்டி, வேகம் ஏற்றி, இறக்கி, அடுத்த அறையில் வைத்து நாளெல்லாம் தயார் செய்வான். சுவர் அதிரும். மேசையில் சூசைநாதனின் கண்ணாடி நகரும்.

“சுருதி இருக்கா இதுல? தகர டப்பாவ உருட்டுற மாதிரி!” என்பார்.

“உங்க காலத்துப் பாட்டையும் தாத்தா குப்பைன்னுதானப்பா சொல்லிருப்பாரு?”

“சொன்னாரு. ஆனா அது குப்பை இல்ல.”

“அதத்தாம்பா நானும் சொல்றேன்.”

இப்படிச் சிரிப்பாக ஓடிக்கொண்டிருந்தது ஒருநாள் முற்றிவிட்டது. பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரசி பாய்ந்து வந்தாள். சாமியார் சிரித்துக்கொண்டார். சூசைநாதனால் முடியவில்லை. சாமியார் போனதும் மகனின் அறை வாசலில் போய் நின்றார்.

“இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

“நீங்களே இருங்கப்பா,” என்று சொல்லி டேவிஸ் ஒவ்வொன்றாக ஸ்பீக்கர்களை இறக்கி, மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி அறைக்குக் கொண்டுபோனான். அதன்பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. பிறகு சூசைநாதனுக்கு யாரோடும் பேச்சு இல்லாமல் போனது.

செய்தி கேட்டு டேவிஸ் வந்தான். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தான், முகம் மழித்துவிட்டான், பேச்சுப் பயிற்சிக்கு ஆட்டோவில் அழைத்துப் போனான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கமாட்டான்.

பயிற்சி கொடுத்த ரூபா, எல்லையோர ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண். சரசி விஷயத்தைப் பெட்டி தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“பேச்சு இருக்கற பக்கந்தான் சார் மூளையில அடிபட்டிருக்குது. பாட்டு இருக்கற பக்கம் நல்லா இருக்குதுங். அந்த வழியாவே பேச்சக் கொண்டாந்தரலாம். இடது கையால தொடையில தட்டிக்கிட்டே பாடுங். சரசிங்கற எடத்துல உங்க பையன் பேரப் போடுங் சார், பாக்கலாம்.”

சூசைநாதன் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“செரி, வேற பாட்டு வருமுங்களா?”

அவர் ஞானப்பாட்டு ஒன்றை எடுக்கப் பார்த்தார். முதல் சொல்லின் வாசலிலேயே நாக்கு நின்றுவிட்டது. இன்னொன்றுக்குப் போனார். அதுவும் நின்றது. நெற்றியில் வேர்த்தது.

“நல்லாப் பாடோணும்னு நெனைக்கறீங். அதான் நிக்குது,” என்றாள் ரூபா. “அந்தப் பாட்ட நீங்க மதிக்கறதே இல்ல. அதனால அதுபாட்டுக்கு வருது. கோவிச்சுக்காதீங் சார், இந்த மொத மாசங்கள்ல வாயத் தொறக்காம விட்டீங்கன்னா அப்பறம் ரொம்பச் செரமமுங்.”

கதவோரம் நின்றிருந்த டேவிஸ் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

“விடுங்க மேடம். அவருக்கு என் பேரச் சொல்ல இஷ்டமில்ல.”

சூசைநாதன் திரும்பிப் பார்த்தார். டேவிஸ், டேவிஸ், டேவிஸ் என்று உள்ளே ஒருவர் கதவை இடித்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு மூச்சு மட்டும் வந்தது. டேவிஸ் ஆட்டோ பார்க்க இறங்கிப் போய்விட்டான்.

அடுத்தடுத்த நாட்களிலும் இதேதான். ரூபா தட்டுவாள், மெட்டை முனகுவாள், அவர் சுவரைப் பார்ப்பார். கோயிலில் பாடிய வாயால் அதைப் பாட அவருக்கு மனசு வரவில்லை. தனக்குப் பேச்சு திரும்புவதாக இருந்தால் அது காணிக்கைப் பாட்டில்தான் திரும்பும், அந்த அடியில்தான் திரும்பும், திரும்பியதும் முதல் காரியமாக மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று தனக்குள் முடிவு கட்டிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டையைக் கையால் காட்டினார். பெட்டிக்குப் புரிந்தது.

டேவிஸ்தான் அவரைத் தாங்கிக்கொண்டு போய் குழுவின் பக்கத்தில் உட்கார வைத்தான். அவன் கோயிலுக்குள் வந்தே வெகுநாள் ஆகிறது. சுவர் ஓரமாக, செருப்பைத் தொலைத்தவன் மாதிரி நின்றான்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. பாட்டு மாஸ்டர் சூசைநாதனைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த அடிக்கு முன்னால், பழக்கப்படி, குழு நிறுத்தியது. கீபோர்டு மட்டும் சுருதி பிடித்து நின்றது. சூசைநாதன் இடது கையால் பெஞ்சைப் பிடித்து எழுந்தார். மூச்சு நிறைந்தது. தொண்டை திறந்தது. கடவுளே, வருகிறது என்று நினைத்தார்.

“சக்கரெ ஹாக்கே சரசி…”

பழைய குரல்தான். கம்மலே இல்லை. அந்தக் குரலில்தான் அது வந்தது.

கீபோர்டு நின்றது. பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். சூசைநாதன் வாயை மூடப் பார்த்தார். மூட முடியவில்லை, அடுத்த அடி தானாக ஏறி வந்துகொண்டிருந்தது. அதற்குள் சுவர் ஓரத்திலிருந்து கட்டைக் குரல் ஒன்று பெரிதாக எழுந்து அவர் குரலை மூடியது.

“இன்னூ ஸ்வல்ப ஹாக்கே!”

டேவிஸ். செல்போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினான். எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

“சாரி, சாரி. ரிங்டோன். கூடவே பாடிட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

குழு தடுமாறி அடுத்த அடிக்குப் போனது. சூசைநாதன் உட்கார்ந்தார். பூசை முடியும்வரை பீடத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது கோயில் முற்றத்தில் டேவிசைச் சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

“கோயில்னு கூட பாக்கமாட்டியாடா நீ?” என்றார் பாட்டு மாஸ்டர். “அந்த மனுஷன் எவ்ளோ கஷ்டப்பட்டு எழுந்து நிக்கிறாரு. அந்த நேரத்துல அந்தச் சனியன் பாட்டா?”

“அவரு இப்படி விழுந்ததே இவனாலதான்,” என்றாள் ஒரு அம்மாள்.

“தப்புதான் அங்கிள். தப்புதான் ஆன்ட்டி,” என்றான் டேவிஸ். தலையைக் குனிந்து, செல்போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

குரல் முதலில் எங்கிருந்து வந்தது என்று முன் பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் சூசைநாதன் அதைப் பாடினார் என்பதைவிட டேவிஸ் பாடினான் என்பது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. அவர் வாயைத் திறந்தார். ‘நான்தான்’ என்ற சொல்லைத் தேடினார். கிடைக்கவில்லை. ‘அவன் இல்லை’ என்பதும் கிடைக்கவில்லை. கிடைக்கக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது. அது எப்போதும்போல வாய்க்குப் பக்கத்திலேயே காத்திருந்தது.

பெட்டியின் தோளிலிருந்து இடது கையை எடுத்தார். தொடையில் தட்டினார். ஒன்று, இரண்டு. ரூபா தட்டுவாளே, அப்படி.

“ஏங்க, வேணாங்க,” என்றாள் பெட்டி.

“சக்கரெ ஹாக்கே…”

பாட்டு மாஸ்டர் திரும்பினார். சூசைநாதன் தட்டுவதை நிறுத்தவில்லை. சரசி வருகிற இடம் வந்தது. நாக்கு அவளிடம் ஓடப் பார்த்தது. இழுத்துப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

“…டே… டேவிசு.”

பேர் நசுங்கித்தான் வந்தது. ஆனாலும் அது பேர்தான். மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார். இந்தத் தடவை தன் நெஞ்சை ஒருமுறை தட்டிக் காட்டிவிட்டு, கோயில் வாசலைப் பார்த்துக் கை நீட்டிவிட்டுப் பாடினார். உள்ளே பாடியது நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கக்கூடாது.

யாரும் சிரிக்கவில்லை. பாட்டு மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்டோ இருக்கிறதா என்று ரோட்டைப் பார்த்தாள்.

டேவிஸ் அருகில் வந்தான். அப்பாவின் தட்டுகிற கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்றான்.

“போதும்பா. எல்லாருக்கும் புரிஞ்சுருச்சு.”

சூசைநாதன் தலையை ஆட்டினார். போதாது. அந்தப் பாட்டு இப்போதும் அவருக்குப் பிடிக்கவில்லை. தகர டப்பாதான், சுருதி இல்லைதான். இடது கை தொடையில் விழுந்துகொண்டே இருந்தது. சரசியின் இடம் மறுபடி வரும்வரை, பல்லைக் கடித்துக்கொண்டு, அதை முதலிலிருந்து பாடினார்.