மாடியில் வைத்த பெட்டி

பனியன் கம்பெனியின் டீ இடைவேளையில் பிரிசில்லா கைப்பேசியை எடுத்தாள். தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்திருந்தது. அவள் வசிக்கும் நெருப்பெரிச்சல் பகுதியின் வரைபடம். அவள் குடியிருக்கும் லைன் வீட்டின் மேல் பச்சைப் புள்ளி, பக்கத்தில் 'பிரிசில்லா ஆஷா' என்ற பெயர். அடியில் ஒரே வரி: "பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன்."

அவள் புருஷன் முனீஸ்தான்.

அவன் அடி தாங்காமல் மகள் ஆஷாவோடு சாத்தூரிலிருந்து ரயிலேறியவள் அவள். எண்ணை மாற்றினாள். ஊர்க்காரர்கள் இருக்கும் கம்பெனிகளின் பக்கமே போகவில்லை. ஆனால் போன மாதம், டவர் எட்டாத தங்கள் சந்துக்காக மொட்டை மாடியில் ஒரு நெட்வொர்க் பெட்டி வைத்தாள். பெட்டி வைத்தவர்களே சேர்ந்து நடத்தும் நெட்வொர்க் அது. அக்கம்பக்கத்துப் போன்கள் அதன் வழியே பேசப் பேச, வைத்தவருக்குக் காசாக மாற்றக்கூடிய டோக்கன் சேரும். பெட்டிக்குப் பெயர் கேட்டபோது ஆசையாகத் தன் பெயரையும் மகள் பெயரையும் போட்டாள். நெட்வொர்க்கின் வரைபடத்தில் அந்தப் பெயரைத் தேடினால் யாருக்கும் இடம் தெரியும் என்பதை அவள் யோசிக்கவேயில்லை.

தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். பள்ளியிலிருந்து வந்திருந்த ஆஷாவை உள்ளே விட்டு வெளியே தாழிட்டாள். மாடியேறி, பிடுங்கிவிடப் பெட்டியின் ஒயரைப் பிடித்தாள்.

காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா ரங்காத்தாள் திரும்பினார். "ஏங்கண்ணு, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"அக்கா, அவன் வந்துட்டான்க்கா. இதப் பாத்துதான் வந்திருக்கான்."

"அதப் புடுங்கிப்போடாதே! போலீசுக்குப் பேச வேற சிக்னல் ஏது?"

ரங்காத்தாள் எண்ணை அழுத்தும்போதே கீழே கேட் கிறீச்சிட்டது. முனீஸ் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

"நீ வராட்டி போ. பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் கை தாழ்ப்பாளை நோக்கி நீண்டது. எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவில் முதுகை அழுத்தி நின்றாள். உள்ளே ஆஷா, "அம்மா, யாரும்மா?" என்றாள். முனீஸ் கையை ஓங்கினான்.

"ஏனுங்க, கைய எறக்குங்க." ரங்காத்தாள் கத்தவில்லை. ஆனால் லைன் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நைட் ஷிப்டுக்குக் கிளம்பிய ஒடிசாப் பையன்கள் வாசலை அடைத்து நின்றார்கள். போலீஸ் வரும்வரை அவனை யாரும் நகரவிடவில்லை.

பெட்டி இப்போது ரங்காத்தாள் பெயரில் ஓடுகிறது. பிரிசில்லா மகளோடு ஊத்துக்குளிக்குக் குடிபோய்விட்டாள். ரயிலில்தான் வேலைக்கு வருகிறாள். ரயில் பெட்டியில் ஏறுவதற்கு முன், உள்ளே இருக்கும் ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறாள்.