பொத்தான் டப்பாவில் கொத்தமல்லி

"கொத்தமல்லியைத் தொடாத அன்னிக்குத் தூக்கிட்டு வாங்க. வலியில்லாம தூங்க வெச்சிடலாம்," என்று மிருக வைத்தியர் சொல்லி ஒன்பது நாளாயிற்று.

வயிற்றில் கட்டி வந்த முயல், தையல் மெஷினடியில் துண்டுத்துணிகளின் மேல், வழிதவறிய மேகம்போலக் கிடந்தது. மெஷின் ஓடும்போதெல்லாம் அதன் பாதங்கள் உறக்கத்திலேயே ஏதோ புல்வெளியில் ஓடின.

கடைசி மூன்று நாளாகத் தினமும் விடியலில், மனைவி எழுமுன், தையல்காரர் தட்டிலிருந்த தழையை எடுத்துச் சட்டைப்பையில் ஒளித்துக்கொள்வார். "பாத்தியா, சாப்பிட்டுட்டான்!" என்பார், வாய் கூசாமல். அவளும் தலையாட்டுவாள்.

பத்தாம் நாள் அசந்து தூங்கிவிட்டார். அடித்துப்பிடித்து ஓடிவந்தால், தட்டு காலி! நிஜமாகவே தின்றுவிட்டதா? மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதே குஷியில் வேலைக்கு உட்கார்ந்து பொத்தான் டப்பாவைத் திறந்தார். உள்ளே, பசுமை மாறாத கொத்தமல்லி.

மனைவி கதவோரம் நின்றிருந்தாள்.

"உங்க சட்டையைத் துவைக்கிறது நான்தானே? இன்னிக்கு நீங்க தூங்கிட்டீங்க. அதான், உங்களுக்காக நானே எடுத்து வெச்சேன்."

துணிகளின் மேல் பாதங்கள் ஓடவில்லை, நடுங்கின.

"கூடையை எடும்மா," என்றார்.