வெள்ளையடித்த நிழற்குடை

ரீட்டா, மூன்றாண்டுகளுக்கு முன்பு, வைகாசி வெயிலில் பேருந்துக்குக் காத்து நின்றபோது சுருண்டு விழுந்து இறந்தாள். இன்னொருவருக்கு அக்கதி நேரலாகாதென்று, கணவர் அமிர்தராஜ் திராட்சைத் தோட்டத்தில் பாதியை விற்று, அவள் விழுந்த அதே விலக்கில், ஊர்ச்சாலை பிரியுமிடத்தில், நிழற்குடை கட்டினார். ‘ரீட்டா நினைவாக’ என்று அதன் நெற்றியில் எழுதுவித்தார். சென்ற மாதம் அவ்வெழுத்தின்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். பொதுக் கட்டடம் எதிலும் தனியாள் பெயர் இருக்கலாகாதென்பது ஒன்றியத் தலைவி சொர்ணலதாவின் ஆணை.

அத்தலைவியைப் பதவியிலிருந்து இறக்கும் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. கவுன்சிலர் அமிர்தராஜின் கை உயர்ந்தால் நிறைவேறும், உயராவிட்டால் தோற்கும். உயர்த்துவதென்று முடிவுசெய்துகொண்டுதான் அவர் நிழற்குடையில் வந்து அமர்ந்தார்.

மலையடிவாரக் குடியிருப்பின் ஜெபஷீலாவும் பேருந்துக்கு வந்தாள்.

“மாமா, தலைவியம்மா தயவுல எங்க தெருவுக்குக் குழா வந்துருச்சு. இம்புட்டு வருசமா ஓடைத் தண்ணியக் குடிச்ச சனம். அந்தம்மாவ எறக்கப் போறாகளாமே?”

“பேசிக்கிறாக.”

“அப்பக் குழாயவும் புடுங்கிருவாகளோ?”

பேருந்து வந்தது.

கூட்ட அறையின் வாசலிலேயே சக கவுன்சிலர் பொன்னுராஜ் மறித்தார். சொர்ணலதா ஒப்பந்தங்களைப் பகிரங்க ஏலத்தில் விடத் தொடங்கியதுமுதல் ஒரு வேலையும் கிட்டாதவர். ஆறு தண்ணீர்த் தொட்டிகளில் தம் பெயரை இழந்தவர்.

“அண்ணே, மதினி பேருக்கே சுண்ணாம்படிச்சவுக. மறந்துராதீக.”

அமிர்தராஜ் நேரே தலைவியிடம் சென்றார். “எங்க வீட்டுக்காரி பேரு உங்களுக்கு என்னம்மா இடைஞ்சல் பண்ணுச்சு?”

“அத விட்டா, ஆளுக்கொரு பேரத் தூக்கிட்டு வருவாகய்யா. மொதல்ல அழிச்சது எங்கப்பா பேரத்தான்.”

“உங்கப்பா அங்கன வெயில்ல விழுந்து சாகலையே.”

சொர்ணலதா மேசைமேலிருந்த தாளைத் திருப்பி வைத்தார். அவர் சொன்னது அமிர்தராஜுக்கு நியாயமாகவும் பட்டது, கல்நெஞ்சாகவும் பட்டது.

“ஆதரிப்போர் கை உயர்த்துக” என்றார் கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி. அமிர்தராஜுக்குக் குழாய் நினைவுக்கு வந்தது, உடனே சுண்ணாம்பு நினைவுக்கு வந்தது, மறுபடியும் குழாய். அதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். கை மேசைமேலேயே கிடந்தது. தீர்மானம் தோற்றது.

“கை சுளுக்கிக்கிருச்சாண்ணே?” என்று கேட்டுவிட்டுப் பொன்னுராஜ் வெளியேறினார்.

சொர்ணலதா கைகூப்பி வந்தார். “ரொம்ப நன்றிங்கய்யா.”

“நன்றியெல்லாம் வேணாம். உங்களுக்காக இல்ல.”

பின் யாருக்காக? திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்தார்.

விலக்கில் இறங்கியதும் நிழற்குடையின் திண்டின்மேல் ஏறி, வீட்டுச் சாவியால் சுண்ணாம்பைச் சுரண்டினார். ‘ரீ’ தெரிந்தது. கை நின்றது. மேலும் சுரண்டினால், தாமே காத்த தலைவியின் ஆணையைத் தாமே மீறியவராவார். விட்டுவிட்டாலோ, ரீட்டாவின் முகத்தில் தாமே சுண்ணாம்படித்தது போலாகும்.

அதே பேருந்தில் வந்திறங்கிய ஜெபஷீலா, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, கடசியில எந்தப் பக்கம் நின்னீக?”

“தெரியல, ஆத்தா” என்றார் அமிர்தராஜ், சாவியை இறக்காமலேயே.