வாய்தா

அக்காவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி, ஈரத்துணியும் கையுமாக வாசலுக்கு வந்தான். அவளுடைய ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண் அழுகைக்கு நடுவே ஏதோ சொன்னாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"நிதானமா சொல்லும்மா."

"இன்னிக்கு ஒரு கேஸ் இருக்கு சார். கொத்தனார் ஒருத்தர். வெளிநாட்டுலேருந்து பிழைக்க வந்தவரு. தடுப்பு முகாம்ல வச்சிருக்காங்க. வாய்தா கேக்க ஆள் போகலன்னா சாயங்காலம் பிளேன்ல ஏத்திருவாங்க. அவரு ஊர்ல எறங்குனா உயிரோட விடமாட்டாங்க."

"வேற வக்கீல் இல்லியா?"

"எங்க ஆபீஸ்ல வக்கீல்னா மேடம் மட்டுந்தான். கோர்ட்டுக்குப் போன் பண்ணி மேடம் விஷயத்தைச் சொன்னேன். தினம் பத்துப் பேர் இப்படித்தான் சொல்றாங்கன்னு வச்சிட்டாங்க. கூடப்பொறந்தவர் நீங்க வந்து நின்னா..."

அக்கா நேற்று கோர்ட்டிலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றக் குனிந்தவள் நிமிரவே இல்லை. இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஊர் பேர் தெரியாதவர்களுக்காகவே ஓடினாள். தம்பி மகளுக்கு ஆபரேஷன் நடந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. யாரோ ஒரு தாயையும் பிள்ளையையும் பிரிப்பதைத் தடுக்கப் போயிருந்தாள். அதன் பிறகு அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அவன் சட்டையை மாட்டினான். அம்மா வழிமறித்தாள்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"கோர்ட்டுக்கு. ஒரு எட்டு போயிட்டு வந்துடறேம்மா."

"உங்கப்பாவை எடுக்குறதுக்கு முன்னாடி அவளும் இப்படித்தான் போனா. அன்னிக்கு வாசல்ல நின்னு அவளை வாய்க்கு வந்தபடி திட்டுனவன் நீதான்."

அவன் படியிறங்கினான்.

கோர்ட்டில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கொத்தனார் விலங்கோடு உட்கார்ந்திருந்தார். டைப்பிஸ்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். தம்பிதான் வந்தான்.

"நீங்க வக்கீலா?" என்றார் நீதிபதி.

"இல்லீங்கய்யா. லிஃப்ட் மெக்கானிக். வக்கீல் எங்கக்கா. நேத்து தவறிட்டாங்க. ஒரு வாய்தா வேணும்."

அரசு வக்கீல் எழுந்தார். "இறந்ததுக்கு ஆதாரம் இருக்கா? சர்டிஃபிகேட்?"

"வீட்ல கெடத்தியிருக்கோம். இன்னும் எடுக்கல. வந்து பாத்துக்குங்க."

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நேத்துகூட இதே எடத்துல நின்னு என்னோட மல்லுக்கட்டுனாங்களே... ஒரு வாரம் தரேன். வேற வக்கீலோட வாங்க. அதுக்கு மேல என் கையில இல்ல."

"ஒரு வாரத்துல யார் கெடைப்பாங்க?" என்று தம்பி திரும்பி டைப்பிஸ்டிடம் கேட்டான்.

அவன் கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்கு விட்டிருந்த துளையருகே போனான். உள்ளிருந்தவருக்குப் பேச்சு எதுவும் சரியாகக் கேட்டிருக்கவில்லை.

"வக்கீலம்மாவுக்கு உடம்பு சரியில்லையா தம்பி?"

அவன் சொன்னான். கோர்ட்டில் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கொத்தனார் கண்ணாடியை ஒட்டி முகத்தைக் கொண்டுவந்தார்.

"அவங்களை அங்க விட்டுட்டு இங்க ஏன் நிக்கிறீங்க? வீட்டுக்குப் போங்க தம்பி."

காவலர் அவரை எழுப்பினார். முகத்தைத் துடைக்க அவர் ஒரு கையைத் தூக்கினார். இன்னொரு கையும் கூடவே எழுந்தது.